அயலும் ஒலியும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் ‘அயல்’ என்னும் சொல் அருகையும் குறிக்கும், தொலைவையும் குறிக்கும். அடுத்த வீட்டில் இருப்பவர் அயலார். கடல் கடந்து கிடப்பது அயல்நாடு. சுவருக்கு அப்பால் இருப்பவரையும் கடலுக்கு அப்பால் இருக்கும் நிலத்தையும் இம்மொழி ஒரே சொல்லால் குறிக்கிறது. கரந்தையிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பிறந்து, சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து சேர்கின்றன. வாழும் நாடும் அயல். மேல்மாடியில் இருப்பவரும் அயல். நள்ளிரவில் அந்த மேல்மாடியில் நாற்காலி இழுபடும் ஓசை கேட்கும்போது, அச்சொல்லின் முழுப் பாரமும் தலையணைமேல் வந்து இறங்குகிறது.

ஒலி மிகுந்த அயலில் வாழ்வது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள். ‘பொறுத்துக்கொள்க’ என்று விடை கூறுவோர் உண்டு. ‘முறையிடுக’ என்று விடை கூறுவோரும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே செய்யத்தக்கவை பல உள்ளன. அவற்றைச் செய்வதற்கு ஒரு வரிசையும் உண்டு.

காவிரிப் படுகையை அமைதியின் நிலமாகவே வெளிநாட்டில் வாழ்வோர் நினைவில் வைத்திருப்பர். அந்நினைவு முழுதும் உண்மையன்று. மேட்டூர் அணை திறந்து புதுப்புனல் வந்து சேர்ந்ததும் மதகுகள் இரவும் பகலும் இரையும். ஐப்பசி மழையில் சம்பா வயல்களின் தவளைகள் விடியுமட்டும் ஓயா. நடவில் குலவை ஒலிக்கும். களத்தில் கதிரடிக்கும் ஓசை எழும். இன்று அவற்றின் இடத்தில் அறுவடை இயந்திரமும் பம்புசெட்டும் முழங்குகின்றன. அரவை ஆலையின் வார்ப்பட்டை தெருமுழுதும் அடித்துக்கொண்டிருக்கும். இவை போதாவென்று நாகசுரமும் தவிலும் உண்டு. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து உருவாக்கப்படும் நாகசுரம், 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒலிபெருக்கி தோன்றாத காலத்திலேயே நான்கு வீதிகளுக்கும் கேட்கும்படி அமைந்த கருவி அது. எனவே தஞ்சைத் தரணி ஒருநாளும் ஓசையற்று இருந்ததில்லை.

எனினும் அவ்வோசைகள் பெரும்பாலும் எவர் உறக்கத்தையும் கெடுக்கவில்லை. அதற்கு மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, ஒலியை எழுப்புபவர் யார் என்பது தெரியும். இரண்டாவது, எதற்காக எழுப்புகிறார் என்பது தெரியும். மூன்றாவது, எப்போது முடியும் என்பது தெரியும். கோயில் நாகசுரத்தில் விடியலுக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று பண்ணுக்கே நேரம் வகுக்கப்பட்டிருந்தது. மணவீட்டு மேளம் எந்த வீட்டு மேளம் என்பதைத் தெரு அறியும். பறை முழங்கினால் எந்த வீட்டில் துயரம் என்பதை ஊர் அறியும். கேட்பவர் பலரும் அந்த வீட்டுக்குச் சென்று வர வேண்டியவர்களாகவே இருந்தனர். முகமும் காரணமும் முடிவும் தெரிந்த ஒலி, எவ்வளவு உரத்ததாயினும், ஓசையாகவே நின்றது, இரைச்சலாக மாறவில்லை.

அயல்நாட்டு அடுக்ககத்தில் இம்மூன்றும் ஒருசேர மறைந்துவிடுகின்றன. சுவருக்கு அப்பால் இருப்பவர் பெயர் தெரியாது. அவர் ஏன் இரவு பதினொரு மணிக்குப் பொருள்களை நகர்த்துகிறார் என்பது தெரியாது. அது பத்து நிமிடத்தில் முடியுமா, விடியுமட்டும் தொடருமா என்பதும் தெரியாது. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1972-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதைச் சோதனைகளால் காட்டினர். எப்போது வரும் என்று கணிக்க இயலாத இரைச்சலைக் கேட்டவர்கள், அது நின்ற பிறகும், பிழைதிருத்தம் போன்ற எளிய வேலைகளில் தடுமாறினர். மற்றொரு குழுவினருக்கு, வேண்டுமென்றால் இரைச்சலை நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான் தரப்பட்டது. அவர்கள் அப்பொத்தானை அழுத்தவே இல்லை. ஆயினும் நிறுத்தலாம் என்ற நம்பிக்கையே அவர்களின் தடுமாற்றத்தைப் பெரிதும் குறைத்தது. ஒலியின் அளவு மட்டுமன்றி, அதன்முன் கையற்று இருக்கும் நிலையும் மனிதரை வருத்துகிறது என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் அளவைப் புறக்கணித்துவிட இயலாது. ஒலி டெசிபல் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. இது சாதாரணக் கூட்டல் கணக்கன்று. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். செவிக்கு ஏறத்தாழ இரு மடங்கு உரத்ததாகத் தோன்றும். இருவர் அருகிருந்து இயல்பாக உரையாடுவது ஏறத்தாழ 60 டெசிபல். உறங்கும் அறைக்குள் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இரவில் ஒலி மிகும்போது உறங்குபவர் விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பு மாறுகிறது, குருதியழுத்தம் ஏறுகிறது. நெடுங்காலம் இந்நிலை தொடர்ந்தால் அது இதய நோய்க்கு வழி செய்யும். எனவே ‘பழகிவிட்டது’ என்று கூறுபவரின் செவி பழகியிருக்கலாம், உடல் பழகியிருக்காது. மகன் வீட்டுக்குச் சென்று தங்கியிருக்கும் முதிய பெற்றோர்க்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும், இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும் மருமகளுக்கும் இது மனக்குறை மட்டுமன்று. உடல்நலம் பற்றிய சிக்கல்.

இனி, இச்செய்தியின் மறுபக்கத்தைக் காண வேண்டும். அயல்நாட்டில் தமிழர் இரைச்சலைக் கேட்பவர் மட்டும் அல்லர், எழுப்புபவரும் ஆவர்.

இப்படுகையின் மக்கள் கடல் கடப்பது புதிதன்று. 1926-இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் கப்பல், 1973 வரை, சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மக்களைச் சுமந்து சென்றது. சென்றவர்கள் தம் தெய்வங்களையும் திருவிழாக்களையும் உடன் கொண்டு சென்றனர். சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தின்போது இசைக்கருவிகள் முழக்குவதற்கு அந்நாட்டு அரசு 1973-இல் தடை விதித்தது. ஊர்வலக் குழுக்களிடையே எழுந்த பூசல்களும் ஒழுங்குக் குறைவும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. பல ஆண்டுகள் வேண்டுகோள் விடுத்த பின்னர், 2016-இல், ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இசைவு கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் திரும்பிய அந்த முழக்கம், இடம் வரையறுக்கப்பட்ட முழக்கமாகவே திரும்பியது.

ஜெர்மனியிலும் ஒரு சான்று உண்டு. ஈழத்திலிருந்து சென்ற தமிழர்கள் ஹம் என்னும் நகரத்தில் காமாட்சி அம்பாளுக்குச் சிறு கோயில் ஒன்றை அமைத்தனர். அது மக்கள் குடியிருக்கும் பகுதியில் இருந்தது. ஆண்டுத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டபோது, அக்கம்பக்கத்தார் ஒலியையும் நெரிசலையும் குறித்து முறையிட்டனர். கோயிலார் வழக்காடி நிற்கவில்லை. நகரத்தின் தொழிற்பேட்டைப் பகுதிக்குக் கோயிலை மாற்றினர். அங்கே கோபுரத்துடன் எழுந்த புதிய கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடைபெற்றது. இன்று அத்திருவிழாவைக் காண அந்நாட்டு மக்களும் செல்கின்றனர். குடியிருப்பில் இரைச்சல் எனப்பட்டது, தக்க இடத்துக்கு மாறியதும் விழா எனப்பட்டது. தேரும் அதுவே, மேளமும் அதுவே.

பெரிய விழாக்களை விடுத்து வீட்டுக்குள் வருவோர்க்கும் இது பொருந்தும். தஞ்சையில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து சமையலைத் தொடங்குவது நல்லொழுக்கம். சிங்கப்பூர் அடுக்ககத்தில் ஐந்து மணிக்கு மிக்சியை ஓட்டுவது அயலார்க்குத் துன்பம். அந்நாட்டு மக்களில் ஐந்தில் நால்வர் அளவினர் அரசு கட்டிய அடுக்ககங்களில் வாழ்கின்றனர். இரவு 10.30 முதல் காலை 7 வரை அமைதி காக்க வேண்டும் என்பது அங்கே நெடுநாள் வழிகாட்டுதல். அதனை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கலாம் என்று ஒரு சமுதாய ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. ஜெர்மனியில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஞாயிற்றுக்கிழமை முழுதும் அமைதி நாள். அன்று சுவரில் துளையிடுவதும் கூடாது. காலிக் கண்ணாடிப் புட்டிகளைத் தெருமுனைத் தொட்டியில் இடுவதற்குக்கூட அங்கே நேரம் குறித்திருப்பர். பிரித்தானியாவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இரவு 11 முதல் காலை 7 வரையுள்ள நேரத்தைத் தனித்துக் காக்கிறது. குடிபெயரும் குடும்பம், வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கும்போதே அவ்வூரின் அமைதி நேரத்தையும் கேட்டறிவது நல்லது.

காவிரிப் படுகையினர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். ஆற்றில் நீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவது இங்கே பழைய வழக்கம். மேல்மடையில் இருப்பவர் தம் வயல் நிறைந்ததும் மடையை அடைத்தால்தான் கடைமடைக்கு நீர் போய்ச் சேரும். மதகு அருகில் இருப்பதாலேயே நீர் முழுதும் ஒருவர்க்கு உரிமையாகிவிடாது. ஒலியும் அத்தகையது. சுவரின் இப்பக்கத்தில் பிறக்கும் ஒலி, அப்பக்கத்தில் உள்ளவரின் வயலுக்குள்ளும் பாய்கிறது. அமைதி நேரம் என்பது ஒலிக்கு வைத்த முறைப்பாசனம்.

எனவே, இரைச்சலால் வருந்துபவர் செய்ய வேண்டிய முதற் செயல், தம் வீட்டின் ஒலியை ஆராய்வது. அடுக்ககத்தில் ஒலி இருவழியாகப் பரவும். பேச்சும் பாட்டும் காற்றின் வழியே செல்வன. காலடியும், நாற்காலி இழுப்பும், இடிகல்லும், சலவை இயந்திரத்தின் அதிர்வும் கான்கிரீட் தளத்தின் வழியே செல்வன. இரண்டாவது வகையே கீழ்வீட்டாரைப் பெரிதும் வருத்துவது. மேல்வீட்டில் மெல்லத் தோன்றும் தட்டல், கீழ்வீட்டில் கூரையின்மேல் விழும் அடியாகக் கேட்கும். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுதல், இடிகல்லின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு இடுதல், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கம்பளம் விரித்தல் ஆகியவை சிறு செலவில் முடிவன. ஊரில் உள்ள உறவினரோடு தொலைபேசியில் உரத்துப் பேசும் பழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தஞ்சையில் இரவு பத்து மணி என்றால் சிங்கப்பூரில் நள்ளிரவு பன்னிரண்டரை. ‘நன்றாகக் கேட்கிறதா?’ என்று மும்முறை கேட்கும் குரல், கேட்க வேண்டாதவர்க்கும் நன்றாகவே கேட்கும்.

இரண்டாவது செயல், வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுப்பது. வரப்பு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் ஒரு நண்டு வளை போதும், வயலின் நீர் வடிந்துவிடும். சுவர் எவ்வளவு தடித்திருந்தாலும் கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளி போதும், ஒலி புகுந்துவிடும். ஆதலால் திரைச்சீலைக்குச் செலவிடும்முன் கதவு, சன்னல் ஆகியவற்றின் இடைவெளிகளை ரப்பர்ப் பட்டையால் அடைப்பது அறிவுடைமை. புத்தகம் நிறைந்த கனத்த அலமாரியை அயல்வீட்டை ஒட்டிய சுவரோரம் நிறுத்தலாம். படுக்கையைச் சாலைப் பக்கத்திலிருந்து உட்பக்கம் மாற்றலாம். மின்விசிறியின் சீரான ஓசை, இடையிடையே எழும் திடீர் ஒலிகளை மறைக்க உதவும். தேர்வுக் காலத்தில் செவியடைப்பான் அணிவதில் இழுக்கில்லை.

மூன்றாவது செயலே எல்லாவற்றினும் அரியது; அது அயலாரை அறிவது. முறையீடு தோன்றுவதற்கு முன்பே அறிமுகம் நிகழ வேண்டும். குடிபுகுந்த வாரத்திலேயே மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சென்று பெயர் கூறி வருவதும், பொங்கல் நாளில் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலைக் கொண்டு சேர்ப்பதும் சிறு செயல்கள். ஆயினும் அவை சுவருக்கு அப்பாலிருந்து வரும் ஒலிக்கு ஒரு முகத்தைத் தருகின்றன. வீட்டில் பெயர்சூட்டு விழாவோ பிறந்தநாளோ நடைபெறுமாயின், ‘இந்நாள், இந்நேரம் தொடங்கி இந்நேரம் முடியும், இடையூறாயின் இவ்வெண்ணில் அழையுங்கள்’ என்று ஒரு தாளில் எழுதி மின்தூக்கி அருகே ஒட்டிவைக்கலாம். ஜெர்மனியில் இவ்வழக்கம் பரவலாக உண்டு. முன்னர்க் கூறிய அந்தப் பொத்தானை அயலாரின் கையில் தருவதற்கு ஒப்பானது அது. பெரும்பாலும் அவர் அதனை அழுத்த மாட்டார்.

குறை கூற நேர்ந்தால் சினம் மூண்ட நள்ளிரவில் கதவைத் தட்டலாகாது. மறுநாள் பகலில் செல்ல வேண்டும். ‘நீங்கள் வேண்டுமென்றே செய்கிறீர்கள்’ என்று தொடங்கும் பேச்சு அவ்விடத்திலேயே முடிந்துவிடும். ‘இரவில் இத்தகைய ஓசை கேட்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா?’ என்று தொடங்கும் பேச்சு வளரும். அடுக்ககத்தில் ஒலி தளத்தின் வழியே நெடுந்தொலைவு பரவுவதால், மேல்வீட்டார்மேல் சுமத்தப்படும் பழி, உண்மையில் இரண்டு வீடு தள்ளியிருப்பவர்க்கு உரியதாகவும் இருக்கக்கூடும். மேல்வீட்டில் நோயுற்ற முதியவர் இரவெல்லாம் நடமாடுகிறார் என்பது தெரிந்தபின், அக்காலடியோசை அதே அளவில் நீடித்தாலும் அதன் கொடுமை குறைந்துவிடுகிறது.

அன்புப் பேச்சால் எல்லாம் தீரும் என்று கூறுவது உண்மையாகாது. தீராதபோது நாலாவது செயலாகிய சமரசமும் ஐந்தாவது செயலாகிய சட்டமும் உள்ளன. இவ்விரண்டுக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். எந்நாள், எந்நேரம், எவ்வகை ஒலி, எவ்வளவு நேரம் என்று சில வாரங்கள் எழுதிவைத்த குறிப்பு, ‘எப்போதும் இரைச்சல்’ என்னும் சொல்லைவிட ஆயிரம் மடங்கு வலிமை உடையது. சிங்கப்பூரில் அயலார் பூசல்களைப் பேசித் தீர்க்கும் சமரச மையம் 1998 முதல் இயங்குகிறது. அங்கும் தீராதவற்றை ஆராய 2015-இல் தனி நடுவர் மன்றம் அமைக்கப்பெற்றது. பிரித்தானியாவில் உள்ளாட்சி மன்றத்தின் சுற்றுச்சூழல் நலப் பிரிவில் முறையிடலாம். அயல்நாட்டில் விருந்தினராக வாழ்கிறோம் என்ற அச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை. வாடகையும் வரியும் செலுத்துபவர்க்கு அந்நாட்டுச் சட்டம் தரும் காப்பு அந்நாட்டாருக்குத் தருவதே ஆகும். அதனைப் பணிவுடன் கேட்பது உரிமை.

இந்தியாவிலும் அத்தகைய சட்டம் உண்டு என்பதை இங்குள்ளோர் பலர் மறந்துவிடுகின்றனர். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40. எழுத்து வடிவிலான இசைவின்றி ஒலிபெருக்கி வைத்தல் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அதனை இயக்கலாகாது. விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை இதனைத் தளர்த்தலாம். அத்தளர்வு ஆண்டுக்குப் பதினைந்து நாள்களுக்கு மேற்படலாகாது.

இவ்விதிகளின் பின்னணியில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றும் உண்டு. சென்னையில் ஒரு குடியிருப்புப் பகுதியில், வழிபாட்டுக் கூடம் ஒன்றின் ஒலிபெருக்கி குறித்து அங்குள்ள நலச்சங்கத்தார் நீதிமன்றத்தை நாடினர். அவ்வழக்கில் 2000 ஆகஸ்டு 30 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்னும் கருத்தை வலியுறுத்தியது. அத்தீர்ப்பு ஒரு சமயத்தாரை நோக்கியதன்று. ஒலிபெருக்கி வைத்துள்ள எல்லாச் சமயத்தாரையும் நோக்கியது.

2005 சூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய மற்றொரு தீர்ப்பின் தோற்றுவாய் நெஞ்சை உலுக்குவது. வன்கொடுமைக்கு ஆளான பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உதவி கேட்டு அலறினாள். அருகில் முழங்கிய ஒலிபெருக்கியின் இசையால் அக்குரல் எவர் செவியிலும் விழவில்லை. அன்று மாலையே அச்சிறுமி தன்னை எரித்துக்கொண்டு மாண்டாள். 1998 சனவரியில் நாளிதழ்களில் வந்த இச்செய்தியே அவ்வழக்கைத் தொடுக்கத் தூண்டியது. பேசும் உரிமை ஒருவர்க்கு இருப்பது போல, கேட்க விரும்பாதவரை வற்புறுத்திக் கேட்கச் செய்யாதிருக்கும் கடமையும் அவர்க்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். இரைச்சலின் பெருங்கேடு இதுவே. அது உறக்கத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. அயலாரின் அழுகுரலையும் கேளாச் செவியராக ஊரை ஆக்கிவிடுகிறது. அடுத்த வீட்டில் இருந்தும் அவள் அயலாளாகவே மாண்டாள்.

இனி, இப்படுகைக்கே வந்து வாழும் அயலாரையும் எண்ணிப் பார்ப்பது கடன். அண்மைய ஆண்டுகளில் நடவுக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காத நிலையில், பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வந்து தஞ்சை, திருவாரூர் வயல்களில் நாற்று நடுகின்றனர். பகலெல்லாம் சேற்றில் குனிந்து நட்டவர்கள் இரவில் கொட்டகையிலோ களத்துமேட்டிலோ படுக்கின்றனர். எதிரே மூங்கில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி, அவர்களுக்குப் புரியாத மொழியில் விடியுமட்டும் முழங்கினால், யாரிடம் சென்று சொல்வர்? அது எந்த விழா, என்று முடியும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. சிங்கப்பூரில் உறக்கமிழந்த தஞ்சைக் குடும்பமும், தஞ்சையில் உறக்கமிழந்த பீகார்த் தொழிலாளியும் ஒரே துன்பத்தையே படுகின்றனர். அங்கே நீதி கேட்பவர் இங்கே நீதி செய்யக் கடமைப்பட்டவர்.

விருந்தாக வருபவர்க்காக ஊர் முழுதும் ஒலியடங்கிய சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடியில் 1977 முதல் பறவைகள் காப்பிடம் உள்ளது. மழைக்காலத்தில் நாரைகளும் கொக்குகளும் அங்குள்ள கண்மாய் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அவை அஞ்சிப் பறந்துவிடும் என்பதற்காக, கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. எந்த நீதிமன்றமும் அவர்களைத் தண்டிக்கவில்லை. எந்தக் காவலரும் நின்று தடுக்கவில்லை. பறவை முறையிடவும் இல்லை. முறையிட இயலாத அயலார்க்காகவும் கை அடங்கியிருப்பதே அவர்களின் சிறப்பு.

இவ்வவையினர்க்கு இக்கருத்து புதிதன்று. இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதமும் ஒன்று. பயனின்றி உயிர்களுக்கு இழைக்கும் துன்பத்தினின்று நீங்குவது அது. பயனற்றதை மிகுதியாகப் பேசுவதும் அவ்விரதத்துக்கு வரும் குற்றங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. ஒருவர் வாயால் பேசும் மிகைப்பேச்சே குற்றமாயின், ஊர் முழுதும் கேட்க இயந்திரத்தால் பெருக்கிய மிகைப்பேச்சை என்னென்பது? இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், அமர்ந்து செய்யும் சாமாயிகத்துக்கும் இடையூறற்ற இடத்தை நாடுமாறே நெறி நூல்கள் கூறுகின்றன. இடையூறு வந்துவிட்டால் மௌனமாக அசையாது பொறுக்குமாறும் அவையே கூறுகின்றன. அமைதியான இடத்தை நாடுவது வலுவின்மை அன்று. வந்ததைப் பொறுப்பது அடிமைத்தனமும் அன்று. இரண்டுக்கும் இடமுண்டு. மகாவீரர் முத்தி எய்திய நாளாகத் தீபாவளியை விளக்கேற்றிக் கொண்டாடும் குடும்பங்களில், அன்று அயலாரின் கைக்குழந்தையும் தெருநாயும் அஞ்சி ஒடுங்காதிருப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியாகட்டும்.

விடுமுறை முடிந்து அயல்நாடு திரும்பும் இளையோர் முதல் வாரத்திலேயே மேல்வீட்டார் பெயரைக் கேட்டறியட்டும். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டட்டும். உரிமை கேட்க நேர்ந்தால் குறிப்பேட்டுடன் அஞ்சாது கேட்கட்டும். இங்கே இருப்போர், திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி அமர்த்தும்போது, முன்பணம் கொடுக்கும் அன்றே ‘இரவு பத்து மணிக்கு நிறுத்திவிட வேண்டும்’ என்று வாயால் கூறுவதோடு நில்லாது, சீட்டில் எழுதியும் வாங்கிக்கொள்ளட்டும். அந்த ஒரு வரியினால் எதிர்வீட்டு முதியவரும் தேர்வெழுதும் பிள்ளையும் களத்துமேட்டில் படுத்திருக்கும் பீகார்த் தொழிலாளியும் அன்றிரவு உறங்குவர்.